கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன துண்டு

ஜமால் பாய் போய்விட்டார் என்ற செய்தி, நான் கவுன்டரைத் திறந்து டிக்கெட் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் ஷமீமாதான் போனில் பேசினாள். "ஈஸ்வரிம்மா, அத்தா மவுத்தாயிட்டாருங்க" என்றாள். விடிகாலையில் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எப்ப எடுக்கறாங்க கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். வெளியே படகுத்துறையில் டிரைவர் செல்வம் மோட்டார் லாஞ்சை ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்பக்கமாகக் குனிந்து, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அப்படிப் பார்க்க வைத்தவரே பாய்தான். நான் போய்ச் சொன்னதும் என்ஜினை அணைத்துவிட்டுப் படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைவீதிக்காரர்கள் பாயின் நினைவாகச் சிறு மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். "நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எஸ்டேட்காரர்கள் எழுதுவார்கள், ஜமாத்தார் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. பாயிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை எட்டு வருடமாகத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிப் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் நான். ஷிப்டுக்குப் பொறுப்பும் நான்தான். ஊர் கிளியூர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், மறுப்பதற்கில்லை. பாய்க்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் கடைவீதியில் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எஸ்டேட்டுகளில் காபிப் பழம் அலசும் இடங்களில் ஓடும் மோட்டார்கள் எல்லாம் அவர் கைபட்டவைதான்.

அவர் படகுக்கு வந்தது தற்செயலாக. வழக்கமாக வரும் மெக்கானிக் சேலத்திலிருந்து மலை ஏற முடியாமல் அடிவாரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு மழை நாளில், யாரோ பாயை அழைத்து வந்துவிட்டார்கள். பையெல்லாம் காபித் தோல் வாடை. எனக்கு ஏளனம். "பாய், இது கெணத்து மோட்டார் இல்லீங்க, போட்டு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி ஒண்ணுதானுங்களே. எங்க எடுக்குது, எங்க உடுதுன்னு மட்டும் காட்டுங்க, போதும்" என்றார். பெண்களிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, எதிரில் நிற்பவரின் காலைப் பார்த்தபடிதான் பேசுவார். ஆரம்பத்தில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னிடம் பேசுகிறாரா, என் செருப்பிடம் பேசுகிறாரா என்று செல்வத்திடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் எனக்கே அந்த என்ஜினின் தண்ணீர்ப் பாதை புரிந்தது. படகு என்ஜின் சூடாகாமல் இருக்க ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்கிறது. படகின் அடியில் ஓர் ஓட்டை, அதற்கு ஒரு வால்வு. அங்கிருந்து தண்ணீர் ஒரு சல்லடை டப்பாவுக்கு வரும். பாசியும் இலையும் அதில் தங்கிவிடும். அடுத்தது ஒரு சின்ன பம்ப். அதற்குள் ஆறு இறக்கை வைத்த ரப்பர் இம்பெல்லர் சுற்றும். அது தள்ளும் தண்ணீர் கூலருக்குள் புகுந்து, என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயில் கலந்து படகின் பின்னால் கொட்டும். அப்படிக் கொட்டினால் என்ஜின் நலம். கொட்டுவது மெலிந்தால் வழியில் எங்கோ கோளாறு. "தண்ணி வந்த வழியிலயே நாமளும் போவோணுமுங்க. நடுவுல பூந்தா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, அடி வால்விலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சல்லடை டப்பாவைத் திறந்தபோது சில்வர் ஓக் இலைகள் கட்டியாக அடைத்துக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் படகு ஓடியது.

பின்னால் தண்ணீர் கொட்டுவதைப் பம்ப்காரர்கள் பாஷையில் அவர் "ஒன்னுக்குப் போறது" என்பார். எனக்கு முதலில் அருவருப்பு. ஒரு மாதத்தில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் ஆனில் இருப்பதை மறந்து, "செல்வம், நல்லா ஒன்னுக்கு வருதா?" என்று கேட்டுவிட்டேன். ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற கல்லூரிப் பையன்கள் விசில் அடித்தார்கள். செல்வம் அடுத்த இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. பாய் மட்டும் தலையைக் குனிந்தபடி வந்து, "நல்லா வருதுங்களாம், செல்வம் சொல்லச் சொன்னாருங்க" என்றார். அவர் கிண்டல் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது, உங்களில் பலருக்கும் தெரியும். மாற்றிய பழைய சாமானைத் தூக்கி எறிய மாட்டார். தேய்ந்த சீலோ உடைந்த வாஷரோ எதுவானாலும், காகிதத்தில் பொட்டலம் கட்டி, உரியவர் பெயரை எழுதி, "திருப்பித் தரணும்" என்று குறித்து வைப்பார். "மாத்துன பழசு உங்களுதுங்க. பாத்துட்டு எறிஞ்சா எறிங்க" என்று கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். கூட்ட நேரத்தில் என் கவுன்டர் பலகை மேல் கறுப்புத் தண்ணீர் சொட்டும் பொட்டலங்களை வைத்து என்னிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். வழக்கத்தை மட்டும் விடவில்லை.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். எட்டு வருடத்துக்கு முன், மலர்க் கண்காட்சி வாரம். வருடத்தில் எங்களுக்குக் கூட்டம் நெரிவது அப்போதுதான். லாஞ்ச்தான் எங்கள் மீட்புப் படகும். அது ஓடாவிட்டால் மிதி படகு, துடுப்புப் படகு எதையும் இறக்கக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை காலை முதல் சுற்றிலேயே சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பாய் வந்தார். அடி வால்வில் தண்ணீர் நன்றாக வந்தது. சல்லடை சுத்தம். ஹோஸைத் தடவித் தடவிப் பார்த்தார், காற்று இழுக்கும் இடம் ஒன்றும் இல்லை. பம்ப் மூடியைக் கழற்றினார். உள்ளே இம்பெல்லரின் ஆறு இறக்கையில் இரண்டுதான் மிச்சம். முந்தின நாள் யாரோ வால்வைத் திறக்காமலே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். தண்ணீரில்லாமல் சுற்றி ரப்பர் பிய்ந்துபோயிருந்தது.

புது இம்பெல்லர் மதிய பஸ்ஸில் கண்டக்டர் கையோடு சேலத்திலிருந்து வந்து சேர்ந்தது. மாட்டிவிட்டு ஓட்டலாம் என்று நாங்கள் எழுந்தோம். பாய் எழவில்லை. "நாலு துண்டு உள்ள போயிருக்குதுங்க. நாலும் கைக்கு வரோணும்" என்றார். கூலரின் மூடியைக் கழற்றினார், இரண்டு துண்டு அங்கே இருந்தன. ஹோஸின் வளைவில் ஒன்று. நாலாவது இல்லை. இருட்டும் வரை தேடினார். சனிக்கிழமை காலை மறுபடி வந்து, கூலரையே கழற்றிச் சாக்கின் மேல் வைத்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுப் பார்த்தார். இல்லை.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தபோது தண்ணீர் நன்றாகவே கொட்டியது. படகுக்காரர்கள் பதினாலு பேர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகு ஓடினால்தான் அவர்களுக்குக் கூலி, அந்த வாரத்தை நம்பித்தான் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். வரிசை ரோடு வரை நீண்டு, ஜனங்கள் என்னைத் திட்டத் தொடங்கியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். "இத்தன தண்ணி வருதே பாய். அந்தத் துண்டு எப்பவோ வெளிய போயிருக்குமுங்க" என்றேன். "இருக்கும்னு சொல்லாதீங்க. பாத்தேன்னு சொல்லுங்க" என்றார். மறுபடி கூலரைக் கழற்றிச் சாக்கில் வைத்தார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. இந்த மனுஷன் இன்றைக்கும் படகை விட மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன். கவுன்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கால் செருப்பைக் கழற்றி, கறுப்பு ரப்பர் குதிகாலின் மூலையை பிளேடால் வெட்டினேன். தரையில் தேய்த்து ஓரத்தை மழுக்கி, கிரீஸ் துணியில் புரட்டினேன். வெளியே போய்ச் சாக்கின் பக்கத்தில் குனிந்து தேடுவதுபோல் தேடி, "பாய், கெடச்சிருச்சுங்க!" என்று கத்தினேன். படகுக்காரர்கள் கைதட்டினார்கள். செல்வம் விசிலே அடித்தார்.

பாய் அதை வாங்கி விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கீங்க கெடந்துச்சு?" என்றார். "சாக்கு மடிப்புலீங்க" என்றேன். "நீங்களே பாத்தீங்களா?" என்றார். "பாத்தேனுங்க" என்றேன். குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு தொழுகைத் தொப்பி வைத்திருந்த சட்டைப் பையிலேயே அந்தத் துண்டையும் போட்டுக்கொண்டு, "சரிங்க, அப்ப மூடிரலாம்" என்றார். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் கையில் செருப்புத் துண்டைக் கொடுத்திருக்கிறோமே என்று உள்ளே சுருக்கென்றது. ஆனால் அடுத்த நிமிடமே டிக்கெட் கிழிக்க உட்கார்ந்துவிட்டேன்.

படகை விடுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாதி வேகத்துலதான் ஓட்டோணும். நானும் கூடவே வருவனுங்க." துடுப்புப் படகிலிருந்து இரண்டு துடுப்பும் நீளக் கயிறு ஒன்றும் எடுத்து லாஞ்சில் போட்டுக்கொண்டார். என்ஜின் வைத்த படகுக்குத் துடுப்பு எதற்கு என்று எல்லோரும் சிரித்தோம். கடையைச் சாத்திவிட்டு, சனியும் ஞாயிறும் ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே போய்வந்தார். "என்னங்க பாய், போட்டு சவாரி மேல ஆச வந்துருச்சா?" என்றேன். "ஆமாங்க, காத்து நல்லா வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திடீரென்று மேகம் திரண்டு காற்று சுழற்றியது. விசிலடித்துப் படகுகளைக் கரைக்கு அழைத்தோம். ஒரு மிதி படகு மட்டும் திரும்பவில்லை. சங்கிலி அறுந்து, தாயும் இரண்டு குழந்தைகளுமாக எதிர்க்கரை ஓரம் அடித்துச் செல்லப்பட்டு, ஏதோ கல்லில் மோதித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கத்தியது கவுன்டர் வரை கேட்டது. லாஞ்ச் கிளம்பியது. பதற்றத்தில் செல்வம் முழு வேகம் கொடுத்துவிட்டார். பாதி ஏரி தாண்டியதும் பின்னால் கொட்டிய தண்ணீர் நூலாகி நின்றுபோனதை நான் கரையிலிருந்தே பார்த்தேன். பிறகு வெள்ளையாக ஆவி கிளம்பியது. என்ன நடக்கிறது என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

பாய் எழுந்து என்ஜினை அணைப்பது தெரிந்தது. அடுத்த கணம் துடுப்பு தண்ணீரில் இருந்தது. ஒரு பக்கம் செல்வம், ஒரு பக்கம் பாய். பன்னிரண்டு பேர் உட்காரும் கனத்த படகை இரண்டே பேர் காற்றுக்கு எதிராக வலித்துக்கொண்டு போனார்கள். கயிற்றை வீசி மிதி படகை இழுத்து, முதலில் குழந்தைகள், பிறகு அந்தப் பெண் என்று ஏற்றிக்கொண்டார்கள். மழையில் நனைந்தபடி வலித்தே திரும்பினார்கள். கரையேறியபோது பாயின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது. "என்னாச்சுங்க பாய்?" என்று கேட்டேன். "குப்ப அடச்சிருச்சுங்க" என்று என் காலைப் பார்த்துச் சொன்னார். "எல்லாரும் வந்துட்டாங்கல்லோ. போய்த் துணிய மாத்துங்க, நொம்ப நனஞ்சிட்டீங்க." மேலிடத்தில் கேட்டபோதும் அதே பதில்தான் சொன்னார். குப்பை.

அன்று மழை விட்ட பிறகு அவர் மட்டும் படகில் உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து, "இனி முழு வேகத்துல ஓட்டலாமுங்க" என்றார். நாலாவது துண்டு அவருக்குக் கிடைத்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. ஆனால் மனது எத்தனை சாமர்த்தியம் பாருங்கள். நான் ஏதோ வேறு ரப்பரைத் தவறாக எடுத்துக் கொடுத்ததாகத்தான் பாய் நினைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது. ஒரு முறை அடிவாரத்தில் பஸ்ஸுக்காக இருவரும் நின்றிருந்தோம். "பாய், அன்னைக்கு அந்தத் துண்டு…" என்று ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவு இருபது இருக்கிறது, இறங்கிய பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பெஞ்சு போட்டு, கடையிலிருந்து எடுத்துவந்த பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். அவர் கொடுக்காமல் விட்டுப்போன பழைய சாமான்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்களும் தோட்டக்காரர்களும் ஆளுக்கு ஒன்றாக, தேய்ந்த சீல்களையும் வாஷர்களையும் ஏதோ விபூதிப் பொட்டலத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி ஜரீனா அக்கா என்னைப் பார்த்ததும், "உங்களுதும் ரெண்டு இருக்குதுங்க. பேரு போட்டிருக்குறாரு" என்று எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றின் மேல் "லாஞ்ச். நாலு துண்டு. நாலும் பாத்தாச்சு" என்று எழுதியிருந்தது. பிரித்தேன், நாலும் இருந்தன. இன்னொன்று சின்னது. அவருடைய நிதானமான கையெழுத்தில், மோட்டார் சாமானுக்கு எழுதுவதுபோலவே எழுதியிருந்தார்: "ஈஸ்வரியம்மா. இடது கால் செருப்பு. திருப்பித் தரணும்."

குனிந்த தலையோடு அன்றைக்கு என் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூலை வெட்டுப்பட்ட செருப்பு அவர் கண்ணெதிரே இருந்திருக்கிறது. பதினாலு பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணைப் பொய் சொல்கிறாய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத் துடுப்பும் கயிறும் எடுத்து வைத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொட்டலத்தை அவர் என் பலகை மேல் ஒரு நாளும் வைக்கவில்லை. நானாகக் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார். ஜரீனா அக்கா "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று தோளைத் தொட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

போன சனிக்கிழமை லாஞ்ச் மறுபடி சூடானது. சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் புது இம்பெல்லர் மாட்டினார். பழையதில் மூன்று இறக்கை போயிருந்தது, கையில் கிடைத்தது இரண்டு. "வெளிய போயிருக்குமுங்க மேடம், கூட்டம் நிக்குது பாருங்க" என்றார் அவர். செல்வம் என்னைப் பார்த்தார். நான் கவுன்டரை இழுத்து மூடி, படகு இல்லை என்று பலகையை மாட்டினேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது, எப்போது ஓடும் என்று கேட்டார்கள். "கெடச்சதும் ஓடுமுங்க" என்று சொல்லி வைத்தேன். ஜனங்கள் திட்டினார்கள். படகுக்காரர்களும் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, தண்ணீர் புகைக்குழாயில் போய்ச் சேரும் முழங்கை போன்ற வளைவில், என் விரலில் அந்த மூன்றாவது துண்டு தட்டுப்பட்டது. அன்றைய நாள் வீணாய்ப் போனது. ஞாயிற்றுக்கிழமை முழு வேகத்தில் ஓட்டினோம்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சின்னப் பொட்டலம். டிக்கெட் மேசையின் இழுப்பறையில், தினமும் கைபடும் இடத்தில் வைத்திருக்கிறேன். திருப்பித் தரணும் என்று எழுதியவர் எழுதியபடியே திருப்பித் தந்துவிட்டார். "நீங்களே பாத்தீங்களா?" என்று அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு என் பதில்தான் பாக்கி.

நான் பாக்கலீங்க பாய்.